உயிரிப்பொறிப் பச்சை

இக்கட்டுரை உடலில் குத்தப்படும் ஓவிய வகை ஒன்றைப் பற்றியது. உயிரினங்களின் இயக்கத்தை ஆராயும் அறிவியல் துறைக்கு, உயிரிப்பொறிமுறையியல் என்னும் கட்டுரையைப் பார்க்கவும்.

உயிரிப்பொறிப் பச்சை (பயோமெக்கானிக்கல் டாட்டூ) என்பது, மனிதத் தோலுக்கு அடியில் தசை, எலும்பு ஆகியவற்றுக்குப் பதிலாகவோ அவற்றுடன் பின்னிப் பிணைந்தோ இயந்திர உறுப்புகள் இருப்பது போன்ற தோற்றத்தை உருவாக்கும் பச்சை குத்தும் பாணி ஆகும். பற்சக்கரங்கள், உந்துதண்டுகள், சுருள்விற்கள், குழாய்கள், கம்பிவடங்கள் முதலியன தசைநாண்களோடும் முள்ளெலும்புகளோடும் இணைந்திருப்பதாக இவற்றில் வரையப்படுகின்றன. வண்ண மைகளைக் கொண்டும் இப்பாணியில் குத்துவது உண்டு. எனினும் கறுப்பு மையையும் அதனை நீர்க்கச் செய்து பெறப்படும் சாம்பல் சாயல்களையும் மட்டும் கொண்டு குத்தப்படும் வகையே உலோகத்தின் இயல்பைக் காட்டுவதற்கு மிகவும் பொருந்துவதாகக் கருதப்படுகின்றது. இக்கட்டுரை பெரும்பாலும் அவ்வகையையே எடுத்துக்கொள்கின்றது.

பெயரும் வரையறையும்

உயிரி, பொறி ஆகிய இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்திருக்க வேண்டும் என்பதே இப்பாணியின் அடிப்படை. கையில் ஒரு பற்சக்கரத்தை மட்டும் குத்திக்கொண்டால் அது இயந்திரப் படமே அன்றி உயிரிப்பொறிப் பச்சை ஆகாது. அந்தச் சக்கரம் எலும்பில் பொருத்தப்பட்டதாகவும், தசை இழைகள் அதனைச் சுற்றிச் செல்வதாகவும் காட்டப்படும்போதே பெயருக்கு ஏற்றதாகின்றது. இயந்திரக் கூறுகளைக் குறைத்து எலும்பு, தசை, ஓடு போன்ற உயிரி வடிவங்களை மட்டும் கற்பனையாகப் பின்னி வரைவதை உயிரிவடிவப் பாணி (பயோ-ஆர்கானிக்) என்று தனியாகக் குறிப்பர். நடைமுறையில் இரண்டுக்கும் இடையிலான எல்லை தெளிவானது அன்று.

தோற்றம்

இப்பாணியின் மூலவர் பச்சை குத்துநர் அல்லர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓவியர் எச். ஆர். கீகர் (1940-2014) ஆவார். கூர் என்னும் நகரில் மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், சூரிச்சில் கட்டடக்கலையும் தொழில்துறை வடிவமைப்பும் பயின்றார். இயந்திரம் எவ்வாறு கட்டப்படுகின்றது என்பதைக் கற்ற ஒருவரின் கையிலிருந்து இவ்வோவியங்கள் பிறந்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மனித உடலும் பொறியும் ஒன்றான உருவங்களை அவர் பயோமெக்கனாய்டு என்று அழைத்தார். இப்பெயரில் அவரது அச்சோவியத் தொகுதி ஒன்று 1969 இல் வெளிவந்தது. பின்னர் ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகையைப் பயன்படுத்திப் பெரிய ஓவியங்களைத் தீட்டலானார். மையைப் புகை போலத் தெளிக்கும் இக்கருவியால், கோடு தெரியாமல் இருளிலிருந்து ஒளிக்கு மெல்ல மாறும் சாயல்களைப் பெற முடிந்தது. அவரது ஓவியங்கள் பல மங்கிய, ஒரே நிறச் சாயல் கொண்டவை.

1977 இல் வெளிவந்த நெக்ரோனொமிக்கான் என்னும் அவரது ஓவிய நூலை இயக்குநர் ரிட்லி ஸ்காட் கண்டார். அந்நூலில் இருந்த, 1976 இல் வரையப்பட்ட நெக்ரோனோம் IV என்னும் ஓவியமே ஏலியன் (1979) திரைப்படத்தின் வேற்றுலக உயிரிக்கு அடிப்படை ஆயிற்று. அப்படத்தின் காட்சி விளைவுகளுக்காக 1980 இல் வழங்கப்பட்ட ஆஸ்கார் விருதைப் பெற்ற குழுவில் கீகரும் ஒருவர். சுவிட்சர்லாந்தின் குரூயேர் என்னும் சிற்றூரில் 1998 இல் அவர் திறந்த அருங்காட்சியகம் அவரது படைப்புகளைக் கொண்டுள்ளது.

கீகரின் ஓவியங்களைத் தோலில் குத்திக்கொள்ளும் விருப்பம் ஏலியன் படத்துக்குப் பின் பரவத் தொடங்கியது. ஜேம்ஸ் கேமரூனின் தி டெர்மினேட்டர் (1984) படத்தில், மனித உருவிலிருக்கும் இயந்திரம் தன் முன்கையின் தோலை அறுத்து உள்ளேயுள்ள உலோகத் தண்டுகளைச் சரிசெய்யும் காட்சி ஒன்று உண்டு. கிழிந்த தோலின் வழியே இயந்திரம் தெரிவதாகக் குத்தும் வழக்கத்துக்கு இத்தகைய காட்சிகள் துணை நின்றன. கீகரை அப்படியே நகலெடுப்பதைக் கைவிட்டு, ஒவ்வொருவரின் உடலுக்கும் ஏற்பப் புதிதாக வரையும் முறை 1980களின் இறுதியிலும் 1990களிலும் அமெரிக்காவில் உருவானது. கை அட்சிசன், ஏரன் கேன் ஆகியோர் இவ்வளர்ச்சியோடு பெயர் இணைத்துப் பேசப்படுபவர்கள். இவர்களுள் அட்சிசன் வண்ணப் பணிகளுக்காகவே பெரிதும் அறியப்பட்டவர்.

கறுப்பு-சாம்பல் முறை

இதன் மற்றொரு வேர் முற்றிலும் வேறான இடத்தில் உள்ளது. ஒரே கறுப்பு மையை நீர்த்துச் சாயல்களைப் பெறும் முறை, கலிபோர்னியாவின் சிறைகளில் இருந்த மெக்சிக்க-அமெரிக்கரிடையே வளர்ந்தது. சிறையில் வண்ண மைகள் கிடையா. கிடைத்ததைக் கொண்டு, அதாவது ஒலிநாடாக் கருவியின் சிறு மோட்டார், ஊசியாகத் தீட்டப்பட்ட கித்தார்த் தந்தி, எண்ணெயை எரித்துப் பெற்ற புகைக்கரி ஆகியவற்றைக் கொண்டு பச்சை குத்தினர். ஒற்றை ஊசியால் குத்தியதால் கோடு மிக மெல்லியதாக அமைந்தது. ஒரே நிறம் என்பதால் சாயலை நம்பியே வரைய வேண்டியதாயிற்று. இல்லாமையே இங்குப் பாணியைத் தீர்மானித்தது எனலாம்.

சார்லி கார்ட்ரைட், ஜாக் ரூடி ஆகியோர் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1975 இல் தொடங்கிய குட் டைம் சார்லீஸ் டாட்டூலேண்ட் என்னும் கடை, இம்முறையைத் தொழில்முறைக் கருவிகளுக்குக் கொண்டுவந்தது. இளமையில் காவலில் இருந்தபோது இம்முறையைக் கற்ற ஃபிரெடி நெக்ரெட்டே பின்னர் அங்கே பணியில் சேர்ந்தார். கீகரின் ஓவிய மரபும் இந்தச் சிறை மரபும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை. ஆயினும் காற்றுத் தூரிகை தாளில் செய்ததை, நீர்த்த கறுப்பு மை தோலில் செய்ய வல்லதாக இருந்தது. கறுப்பு-சாம்பல் உயிரிப்பொறிப் பச்சை இவ்விரண்டும் சந்தித்த இடமாகும்.

ஆழத் தோற்றம்

தோல் ஒரு தட்டையான பரப்பு. அதில் சில அங்குல ஆழமுள்ள குழி இருப்பதாகக் கண்ணை நம்பவைப்பதே இப்பாணியின் மையச் சிக்கல். வண்ண மைகளில் குளிர் நிறத்தைப் பின்னுக்கும் வெப்ப நிறத்தை முன்னுக்கும் வைத்து ஆழத்தைக் காட்டலாம். கறுப்பு-சாம்பலில் அந்த வசதி இல்லை. ஒளி-இருள் வேறுபாடு, விளிம்பின் கூர்மை, ஒரு பொருள் மற்றொன்றை மறைத்தல், விழும் நிழல் ஆகிய இவை மட்டுமே கருவிகள்.

முதலில் ஒளி வரும் திசை முடிவு செய்யப்படும். பெரும்பாலும் மேலிருந்து, சற்றுப் பக்கவாட்டில் வருவதாகக் கொள்வர். கை முழுவதும் பரந்த படத்தில் ஓரிடத்தில் மட்டும் நிழல் எதிர்ப்புறம் விழுந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் படம் தட்டையாகிவிடும். அடுத்து, படத்தைக் குறைந்தது மூன்று அடுக்குகளாகப் பிரிப்பர். தோலோடு ஒட்டிய மேலடுக்கு, நடுவிலுள்ள இயந்திர உறுப்புகள், அவற்றுக்குப் பின்னாலுள்ள இருள் என்பன அவை. ஆழமான இடங்களில் நீர்க்காத முழுக் கறுப்பு நிரப்பப்படும். புதியவர்கள் பலர் கறுப்பைக் கண்டு அஞ்சி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலில் முடித்துவிடுவர். முழுக் கறுப்பு இல்லாத உயிரிப்பொறிப் பச்சையில் குழி இராது. சாம்பல் பூசிய தோலே இருக்கும்.

உலோகத்தையும் சதையையும் ஒரே மையால் வேறுபடுத்திக் காட்டுவதில்தான் கைத்திறன் வெளிப்படுகின்றது. சதையும் எலும்பும் ஒளியைச் சிதறடிப்பவை. அவற்றில் வெளிச்சம் நிழலாக மெல்ல மாறும். மெருகேற்றிய உலோகமோ தன் சுற்றுப்புறத்தைக் கண்ணாடி போலக் காட்டுவது. ஆகவே ஓர் உருளைத் தண்டை உலோகமாகக் காட்ட, அதன் நீளவாக்கில் மிகக் கரிய பட்டை ஒன்றும் அதனை ஒட்டி மை படாத வெள்ளைப் பட்டை ஒன்றும் இடைச்சாயல் இன்றி அருகருகே வைக்கப்படும். நிழற்பக்க ஓரத்தில் எதிரொளிக்கும் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று விடப்படும். இந்த ஓரக்கோடு இல்லாவிட்டால் தண்டு பின்னணி இருளில் கரைந்துவிடும். இதே தண்டை மெதுவான சாயல் மாற்றத்துடன் குத்தினால் அது இரப்பர்க் குழாய் போலத் தோன்றும். அதுவும் ஒரு பயன்தான். குழாய்களை அவ்வாறே வரைவர்.

இங்கே வெள்ளை என்பது மை அன்று, குத்தாமல் விடப்பட்ட தோல். குத்துநர் தாளில் வெள்ளையைச் சேர்ப்பது போலத் தோலில் பின்னர் சேர்த்துவிட முடியாது. வெள்ளை மை இருந்தாலும் அது மேல்தோலின் நிறத்துக்குக் கீழே மங்கிப் போவது. எனவே வெளிச்சம் விழும் இடங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கறுப்பு, ஒரு பங்கு சாம்பல், ஒரு பங்கு வெறுந்தோல் என்று தொழிலில் ஒரு கணக்கு வழங்குகின்றது. அது விதி அன்று எனினும், வெறுந்தோலையும் ஒரு பொருளாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை நன்கு உணர்த்துகின்றது.

உடலமைப்புக்கேற்ற வடிவமைப்பு

நல்ல உயிரிப்பொறிப் பச்சை உடலின் மேல் ஒட்டப்பட்ட படமாக இராது. உடலின் வடிவத்தைப் பின்பற்றுவதாக இருக்கும். தோள்பட்டைத் தசை கவசத் தகடாகவும், முள்ளந்தண்டு அடுக்கிய இணைப்புகளாகவும், விலா எலும்புகள் வளைந்த சட்டங்களாகவும் மாற்றப்படுகின்றன. தசை புடைக்கும் இடத்தில் முன்னோக்கி வரும் உறுப்பையும், தசைகளுக்கு இடையே இயல்பாகப் பள்ளம் விழும் இடத்தில் இருண்ட பகுதியையும் வைத்தால், உடலின் உண்மையான மேடுபள்ளமே ஓவியத்துக்கு உதவுகின்றது. மாற்றி வைத்தால் இரண்டும் மோதும்.

முன்கை தனிக் கவனம் வேண்டும் இடம். உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பும்போது ஆரை எலும்பு அரந்தி எலும்பின் குறுக்கே செல்கின்றது. மணிக்கட்டு ஏறத்தாழ அரைவட்டம் திரும்புகின்றது. அதன் மேலுள்ள தோல் மணிக்கட்டின் அருகே மிகுதியாகவும் முழங்கையின் அருகே குறைவாகவும் உடன் திரும்பும். கையை மேசையில் நீட்டி வைத்து வரைந்த நேர்கோட்டுத் தண்டு, கையைத் தொங்கவிட்டதும் திருகிக்கொள்வது இதனாலேயே. ஆகவே கையை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்கும் நிலையில்தான் வடிவம் வரையப்படும். அல்லது திருகினாலும் கெடாத வளைவு வடிவங்கள் தேர்ந்தெடுக்கப்படும்.

இயந்திரம் இயங்கக்கூடியதாகத் தோன்ற வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கீகரின் இயந்திரங்கள் எவையும் உண்மையில் இயங்கா. அவை கனவு சார்ந்தவை. ஆயினும் பொறியியல் பயின்றவர் கண்ணுக்குச் சில உறுத்தவே செய்யும். உந்துதண்டின் இரு முனைகளும் ஒரே எலும்பில் பொருத்தப்பட்டிருந்தால் அது எதனையும் அசைக்காது. மண்வாரி இயந்திரத்தின் கையைப் பார்த்தவர்க்கு, தண்டு மூட்டைக் கடந்து சென்றால்தான் மூட்டு மடங்கும் என்பது விளங்கும். ஒரே திசையில் சுழல்வதாகப் பிணைந்த மூன்று பற்சக்கரங்களும் அத்தகையவே. மூன்றும் ஒன்றையொன்று தொட்டால் ஒன்றும் சுழலாது. தசை எலும்போடு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறிந்து அதே இடங்களில் தண்டின் முனைகளை வைக்கும் குத்துநர், இரண்டு பாடங்களையும் ஒருங்கே படித்தவர் ஆகின்றார். ஆனால் மூட்டைக் கடக்கும் தண்டை வரைவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கை மடங்கும்போது முழங்கையின் உட்பக்க மடிப்பில் தோல் சுருங்கிப் படம் முறியும். எனவே தண்டின் நடுப்பகுதி ஏதேனும் ஒரு தகட்டின் அடியிலோ தோல் மடலின் அடியிலோ மறைந்து செல்வதாகக் காட்டிவிடுவர்.

குத்தும் முறை

வடிவம் ஸ்டென்சில் தாளிலிருந்து தோலுக்கு மாற்றப்படுகின்றது, அல்லது தோல்மீது குறிப்பேனாக்களால் நேரடியாக வரையப்படுகின்றது. உடலோடு பொருந்த வேண்டிய இப்பாணியில் இரண்டாவது முறைக்கு மதிப்பு மிகுதி. மின் இயந்திரத்தின் வரலாறு பழையது. எடிசன் 1876 இல் காப்புரிமை பெற்ற மின்பேனாவின் கருத்தைத் தழுவி, நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி 1891 இல் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று மின்காந்தச் சுருள் வகை, சுழல் மோட்டார் வகை ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. கோட்டுக்கு வட்டமாகக் கட்டிய ஊசிகளும், சாயலுக்கு இரண்டு வரிசையாகப் பரப்பிய மேக்னம் எனப்படும் ஊசிகளும் பயன்படுகின்றன.

சாயல்களுக்காகச் சிறு கிண்ணங்களில் கறுப்பு மை வெவ்வேறு அளவு தூய நீர்மத்துடன் கலந்து வைக்கப்படும். இதனைக் கிரே வாஷ் என்பர். கறுப்பு மையோடு வெள்ளை மையைக் கலந்து செய்யும் சாம்பல் வேறு வகையது. அது ஒளிபுகாதது, கற்சிலைக்கும் பழைய இரும்புக்கும் ஏற்றது, மெருகேறிய உலோகத்துக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. வழக்கமாக இருண்ட பகுதிகள் முதலிலும் மெல்லிய சாயல்கள் இறுதியிலும் குத்தப்படும். தோளிலிருந்து மணிக்கட்டு வரையிலான பணி ஓர் அமர்வில் முடிவதன்று. தோல் ஆறுவதற்குச் சில வார இடைவெளி விட்டுப் பல அமர்வுகளாக நடைபெறும்.

ஒழுங்கற்ற வடிவங்களும் அடர்ந்த இருட்பகுதிகளும் நிறைந்திருப்பதால், பிடிக்காமற்போன பழைய பச்சைகளை மறைக்கவும் இப்பாணி பெரிதும் நாடப்படுகின்றது. பழைய எழுத்து ஒன்று இரு குழாய்களுக்கு இடையிலான நிழலில் மறைந்துவிடும். தழும்புகளையும் தோல் மடலாகவோ உலோக இணைப்பாகவோ மாற்றிக்கொள்வோர் உளர்.

தோலின் நிறமும் மையும்

மை தங்குவது தோலின் மேற்பரப்பில் அன்று; ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உட்தோலில் ஆகும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதற்கு மேலுள்ள மேல்தோலில் இருக்கின்றது. ஆகவே மை எப்போதும் தோலின் சொந்த நிறத்தின் ஊடாகவே பார்க்கப்படுகின்றது. கரிமத் துகள்கள் கறுப்பாயினும் வெளியிலிருந்து பார்க்கையில் நீலம் அல்லது பச்சை கலந்து தெரிவதற்கும் இதுபோன்ற காரணமே. குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளி மேலடுக்குகளிலேயே சிதறித் திரும்பிவிட, ஆழம் செல்லும் சிவப்பு ஒளியை மை உறிஞ்சிக்கொள்கின்றது. கரியைக் கொண்டு குத்துவதற்குத் தமிழில் பச்சை என்ற பெயர் வழங்குவது இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வெளிர் தோலில் ஐந்தாறு சாயல்கள் பிரிந்து தெரியும். கருந்தோலில் வெறுந்தோலே நடுச்சாயலாக இருப்பதால், மிக மெல்லிய சாம்பல்கள் ஆறிய பின் தோலோடு கலந்து காணாமற் போகும். நம் நாட்டவருட்பட மாநிறமும் கருநிறமும் உடையோர், வெளிர் தோலில் குத்தப்பட்ட படத்தைக் காட்டி அதையே கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இதனால் கருந்தோலில் கறுப்பு-சாம்பல் பொருந்தாது என்று கொள்ளலாகாது. சாயல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, உறுப்புகளைப் பெரிதாக்கி, கறுப்புக்கும் வெறுந்தோலுக்கும் இடையே அகன்ற இடம் விட்டால் தெளிவான படம் கிடைக்கும். உண்மையில் உலோகத்துக்குத் தேவையான கூர்மையான கறுப்பு-வெளிச்ச எல்லை, மெல்லிய சாயல்களை நம்பியதன்று.

காலப்போக்கில் ஏற்படும் மாற்றம்

உட்செலுத்தப்பட்ட துகள்களைப் பெருவிழுங்கிகள் என்னும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வுயிரணுக்கள் இறக்கும்போது வெளிப்படும் நிறமியைப் புதிய பெருவிழுங்கிகள் மீண்டும் விழுங்குவதைக் காட்டியது. பச்சை நிலைத்திருப்பது மை அசையாமல் கிடப்பதால் அன்று, கைமாறிக்கொண்டே இருப்பதால் ஆகும். ஆண்டுகள் செல்லச்செல்லக் கோடுகள் தடிக்கின்றன. வெயிலால் மென்சாயல்கள் வெளுக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குத்திய இரு கம்பிகள் ஒரே கரிய கோடாகிவிடலாம். நுண்ணிய உறுப்புகளை நெருக்கமாக அடைத்த படம், குத்திய அன்று எடுக்கும் நிழற்படத்தில் வியப்பூட்டும். சில ஆண்டுகளில் அடையாளம் தெரியாத கறையாக மாறும். இப்பாணியில் நேரும் மிகப் பொதுவான தோல்வி இதுவே. குத்துநரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரது பழைய பணிகள் ஆறி ஆண்டுகள் கழிந்த நிலையில் எவ்வாறு உள்ளன என்று பார்ப்பது நன்று.

உடல்நலம்

ஊசி பகிரப்பட்டால் ஈரல் அழற்சி பி, சி ஆகியனவும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள், ஒவ்வொருவருக்கும் புதிய மைக் கிண்ணம், மீண்டும் பயன்படும் உலோகப் பாகங்களை அழுத்தக் கொப்பரையில் 121 பாகை செல்சியசு நீராவியில் நுண்ணுயிர் நீக்கல் ஆகியன அடிப்படைத் தேவைகள். சாம்பல் கலக்கக் குழாய்நீரைப் பயன்படுத்துவது கிருமிகளை நேரே உட்தோலில் செலுத்துவதாகும். கறுப்பு-சாம்பலில் மை நீர்க்கப்படுவதால் இவ்விடர் இங்குக் கூடுதல் கவனம் பெறுகின்றது.

சிவப்பு முதலிய மைகளோடு ஒப்பிடும்போது கறுப்பு மை ஒவ்வாமையை ஏற்படுத்துவது குறைவு. ஆயினும் அது தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. நிறமித் துகள்கள் நிணநீர்க்கணுக்களைச் சென்றடைகின்றன. புகைக்கரியில் பல்வளைய நறுமண ஐதரோகார்பன்கள் மாசாகக் கலந்திருக்கக்கூடும். இவற்றுட் சில புற்றுநோய்க் காரணிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரி முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், பச்சை மைகளில் இவை உள்ளிட்ட ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களின் அளவைக் கட்டுப்படுத்துகின்றன.

அகற்றல்

கறுப்பு மை எல்லா அலைநீளங்களையும் உறிஞ்சுவதால், லேசர் கொண்டு அகற்றுவதற்கு வண்ண மைகளைவிட எளிதானது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி:யாக் லேசரின் மிகக் குறுகிய துடிப்புகள் துகள்களை உடைக்க, உடல் அவற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றது. மெலனின் இந்த அலைநீளத்தைக் குறைவாகவே உறிஞ்சுவதால் கருந்தோலுக்கும் இதுவே ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. எனினும் தோல் வெளுத்துப்போகும் வாய்ப்பு உண்டு. முழுக் கறுப்பு நிறைந்த உயிரிப்பொறிப் பச்சையை முற்றிலும் நீக்க இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் தேவைப்படும். அதனால் பலர் முழுவதையும் நீக்காமல், மேலே வேறொன்றைக் குத்த இடம் கிடைக்கும் அளவுக்கு மங்கச் செய்வதோடு நிறுத்திக்கொள்கின்றனர்.